ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை: முதலில் ரேமைப் பாருங்கள்

கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ‘நோ சிக்னல்’, பீப் சத்தமும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபேன் ஓடுவதை வைத்து எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். 12 வோல்ட் வந்தாலே அது ஓடும். ஆனாலும் இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் ரேம் எனும் நினைவகப் பட்டைதான் காரணம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள், தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். ரேம்களைக் கழற்றி, தங்க நிற முனைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். தூளை வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் படும். பிரஷ்ஷால் தட்டினால் போதும். ஒரே ஒரு ரேமை, கிளிப் ‘டக்’கென்று பூட்டும்வரை அழுத்திப் போட்டு ஆன் செய்யுங்கள். திரை வராவிட்டால் ஸ்லாட்டை (ரேம் செருகும் இடத்தை) மாற்றுங்கள், பிறகு ரேமை. ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

பிராசசர் பக்கத்தில் இருக்கும், அதற்கு மின்சாரம் தரும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும் பாருங்கள். அது கழன்றிருந்தாலும் ஃபேன் ஓடும், திரை வராது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும்.

பீப் இல்லாததற்கு மதர்போர்டில் ஸ்பீக்கர் இல்லாததே காரணமாக இருக்கலாம். சின்ன 4 பின் ஸ்பீக்கர் வாங்கி மாட்டி, ரேம் எதுவும் இல்லாமல் ஆன் செய்யுங்கள். பீப் அடித்தால் பிராசசரும் போர்டும் உயிரோடுதான் இருக்கின்றன. அடிக்காவிட்டால் வேறொரு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பாருங்கள்; பழையதை மட்டும் திறக்காதீர்கள், உள்ளே கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் நிற்கும்.