வாடகை வீட்டில் பொடி வியாபாரம்: லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: மதுரையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் செய்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். மாதம் 25,000 ரூபாய்க்கு விற்பனை. இப்போது இரண்டு மளிகைக் கடைகளில் கேட்கிறார்கள், ஆனால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இல்லாமல் சரக்கு எடுக்க மாட்டார்களாம். கம்ப்யூட்டர் சென்டரில் லைசென்ஸ் எடுத்துத் தர 4,500 ரூபாய் கேட்கிறார்கள். வீட்டுக்காரரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 4,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். உங்கள் அளவு வியாபாரத்துக்கு லைசென்ஸே தேவையில்லை, பதிவு போதும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் 31-ஆம் பிரிவு சிறு உற்பத்தியாளர்களுக்கு அந்தச் சலுகையைத் தருகிறது. 2011-இல் வந்த விதிமுறைகள் அதற்கு வைத்த வரம்பு ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். நீங்கள் 3 லட்சத்தில்தான் நிற்கிறீர்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று வைத்து நீங்களே விண்ணப்பிக்கலாம். கட்டண விவரத்தை அன்றைக்கு அங்கேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பித்த 7 நாளில் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக நோட்டீஸ் தர வேண்டும். மூன்றும் நடக்காவிட்டால் நீங்கள் தொழிலைத் தொடங்கலாம் என்று அதே விதிமுறைகள் சொல்கின்றன. பின்னால் அதிகாரி சொல்லும் திருத்தங்களைச் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் கடைக்காரருக்கு வேண்டியது எண். அதனால் எண் வரும்வரை பொறுங்கள்.

எனக்குக் கவலை வீட்டை நினைத்துத்தான். இந்தப் பதிவு உணவு தயாரிக்கத்தான் அனுமதி. அந்த வீட்டில் வியாபாரம் செய்ய வீட்டுக்காரர் சம்மதித்ததாக ஆகாது. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 'குடியிருப்புக்கு மட்டும்' என்ற வரி அநேகமாக இருக்கும். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில், இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவதை, நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்வது வெளியேற்றக் கோர ஒரு காரணம். சொந்தச் சமையலறையில் பொடி இடிப்பது அதில் வருமா என்று வாதாடலாம்தான். ஆனால் 100 ரூபாய் பதிவுக்காக வாடகை வழக்கு நடத்துவது யாருக்கு லாபம்? மிளகாய் வறுக்கும் நெடி மாடிக்குப் போய் வீட்டுக்காரரே கேட்பதற்கு முன்னால், நீங்களே இரண்டு பாட்டில் ஊறுகாயோடு போய்ப் பேசி, ஒரு சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் மின்சாரம். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடந்தால், மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆம் பிரிவில் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போட இடமுண்டு. பெரிய கிரைண்டர், அரவை மெஷின் வாங்கும் யோசனை இருந்தால், வாங்குவதற்கு முன்பே உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தனி மீட்டர் பற்றிக் கேளுங்கள். அந்த இணைப்புக்கும் வீட்டுக்காரர் கையெழுத்து கேட்பார்கள். கடிதம் வாங்கும்போதே அதையும் பேசி வையுங்கள்.

பாக்கெட்டில் விற்பதால் உணவு லேபிள் விதிகளோடு எடையளவுச் சட்ட விதிகளும் உண்டு. பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், உங்கள் முகவரி, சைவத்துக்கான பச்சைக் குறி, 14 இலக்கப் பதிவு எண் எல்லாம் லேபிளில் வர வேண்டும். பாக்கெட் போடத் தொடங்கிய 90 நாளுக்குள் எடையளவுத் துறையில் பாக்கெட் போடுபவராகப் பதிய வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். லேபிளை மட்டும் இப்போதே ஆயிரக்கணக்கில் அச்சடித்துவிடாதீர்கள். பதிவு எண் அந்த முகவரிக்குத்தான். வீட்டுக்காரர் முடியாது என்று சொன்னால் லேபிளில் முகவரியும் மாறும்.