ஏங்கல்ஸ் அடிச்ச நக்கல்

கேள்வி: சோஷலிசம்னா எல்லாரும் சமம்ங்கறாங்க. ஆனா தன்பாலீர்ப்பு பத்தி ஏங்கல்ஸ் ரொம்ப மோசமா எழுதியிருக்கார்னு நண்பன் சொல்றான். நிஜமா? அந்தக் காலத்து தலைவர்கள் எல்லாருமே அப்படித்தானா?

பதில்: நிஜம்தாங்க, உங்க நண்பர் கப்சா விடல. ஜெர்மனில கார்ல் உல்ரிக்ஸ்னு ஒரு வக்கீல், இது பிறவியிலயே வர்றது, இதுக்குப் போய் தண்டனை குடுக்கலாமான்னு 1860கள்லயே எழுதிட்டிருந்தார். அவரோட புத்தகத்த மார்க்ஸ் அனுப்பி வைக்க, 1869 ஜூன்ல ஏங்கல்ஸ் போட்ட பதில் கடிதத்துல அதப் பத்தி ஒரே நக்கல், இவங்க ஜெயிச்சு வர்றப்ப நமக்கு வயசாயிருக்கும், நல்லவேளை தப்பிச்சோம்ங்கற ரேஞ்சுல. சரி, ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் தங்களுக்குள்ள எழுதிக்கிட்டதுன்னு விட்டுடலாம்னு பாத்தா, 1884ல அச்சுல வந்த குடும்பத்தோட தோற்றம் பத்தின நூல்லயும் பழைய கிரேக்க ஆம்பளைங்களோட சிறுவர் காதல அருவருப்புன்னுதான் சொல்றார்.

ஆனா எல்லாரும் அப்படி இல்ல. ஷ்வைட்சர்னு ஒருத்தர் 1862ல மான்ஹைம் பூங்கால ஆபாசமா நடந்துக்கிட்டார்னு கைதாகி ரெண்டு வாரம் தண்டனை வாங்கினார், இந்த ஆளு நமக்கு வேணாம்னு தோழர்களே மூஞ்சிய சுளிச்சப்ப, அது அவனவன் ரசனை, அரசியலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு, ஜெர்மன் தொழிலாளர் சங்கத்த ஆரம்பிச்ச லாசல் அவர சேத்துக்கிட்டார். 1867ல ஷ்வைட்சர் அந்த தொழிலாளர் சங்கத்துக்கே தலைவர்!

எனக்கு சுவாரசியமான ஆளு, ஜெர்மன் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் பேபல்தான். பெண்கள் பத்தின தன்னோட பிரபலமான புத்தகத்துல இத இயற்கைக்கு மாறானதுன்னு எழுதினவர், ஆம்பளைங்களுக்குள்ள உறவு குத்தம்னு சொன்ன 175வது பிரிவ எடுக்கணும்ங்கற மனுவுல கையெழுத்தும் போட்டார், 1898 ஜனவரில பார்லிமென்ட்லயே எழுந்து, போலீஸ் இந்த சட்டத்த ஒழுங்கா அமல்படுத்தினா பெர்லினுக்கு மட்டும் ரெண்டு புது ஜெயில் கட்டணும்னு போட்டு உடைச்சார். புடிக்காதுங்கறது வேற, ஜெயில்ல போடுங்கறது வேறன்னு அந்த மனுஷனுக்கு தெளிவு இருந்துச்சு. அதே கட்சிக்காரர் பெர்ன்ஸ்டைன் இன்னும் ஒரு படி மேல, 1895ல எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் மேல இதே விஷயத்துக்காக லண்டன்ல வழக்கு நடந்தப்ப, இயற்கைக்கு மாறானதுங்கற வாதமே செல்லாதுன்னு எழுதிட்டார்.

இவ்வளவு பேசின அதே கட்சியோட பேப்பர் ஃபோர்வெர்ட்ஸ், 1902ல ஆயுத முதலாளி க்ருப் இத்தாலியோட காப்ரி தீவுல ஆம்பளைங்களோட உறவு வெச்சிருக்கார்னு அம்பலப்படுத்துச்சு. ஒரே வாரத்துல ஆள் செத்துட்டார். சட்டம் எவ்வளவு அநியாயம்னு காட்டத்தான் போட்டோம்னாங்க. முதலாளி ஒருத்தன் கையில மாட்டினதும் கொள்கைய கொஞ்சம் ஓரமா வெச்சுட்டாங்கன்னுதான் எனக்கு தோணுது.