செம்மண் தரையில் எந்த மெஷின்?

காரைக்குடியைச் சுற்றி 19 வருடமாகத் தோட்டப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். ஒரு கருக்கரிவாளோடு தொடங்கினேன். இப்போது ஏழு பேர், நான்கு மோவர் (தரையில் தள்ளிக்கொண்டு புல் வெட்டும் மெஷின்), மூன்று பிரஷ் கட்டர் (தோளில் மாட்டிப் புதர் வெட்டும் மெஷின்). இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புல் வெட்டும் மெஷினைப் பற்றித்தான். அதனால் உரம், பூச்சி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, சென்னையில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். வீடுகளுக்குப் புல்தரை பராமரித்துக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்ய நினைக்கிறேன். கையில் 1,20,000 ரூபாய் இருக்கிறது. ஒரு கடையில் 16 அங்குல மெஷின் 19,000 என்கிறார்கள். இன்னொரு கடையில் 21 அங்குலம், தானே நகரும் பெட்ரோல் மெஷின் 78,000. சின்னதில் இரண்டு வாங்கலாமா, பெரியதில் ஒன்று வாங்கலாமா?
— வாசகர், தேவகோட்டை

தம்பி, கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் சைக்கிளிலோ வண்டியிலோ உங்கள் தெருக்களைச் சுற்றி வாருங்கள். எத்தனை வீட்டில் புல்தரை இருக்கிறது, எத்தனை வீட்டில் வெறும் புதர் இருக்கிறது என்று எண்ணுங்கள். நம் பக்கத்தில் இரண்டாவதுதான் அதிகம். முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும் வீடுகள். ஐப்பசி கார்த்திகை மழையில் கோரையும் களைப்புல்லும் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்துவிடும். தை மாசியில் கல்யாணம், படைப்பு என்று வீட்டுக்காரர்கள் வருவார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால் போன் வரும்: "ஆளை அனுப்பி வளவைச் சுத்தம் பண்ணிக் கொடுங்க." அந்த வேலைக்கு 78,000 ரூபாய் மோவரும் உதவாது, 19,000 ரூபாய் மோவரும் உதவாது. இடுப்பு உயரப் புல்லில் மோவரைத் தள்ளினால் எஞ்சின் அணைந்து நின்றுவிடும்.

அதனால் உங்கள் முதல் மெஷின் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர். 35 சிசி வாக்கில் உள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினாகப் பாருங்கள். இரண்டு ஸ்ட்ரோக் எடை குறைவு, விலையும் குறைவுதான். ஆனால் பெட்ரோலில் ஆயிலை அளந்து கலக்க வேண்டும். 50-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. நீங்கள் ஒருவரே ஓட்டும்வரை சரி. நாளைக்கு ஆள் வைத்தால், ஒரு நாள் அவசரத்தில் ஆயில் இல்லாத பெட்ரோலை ஊற்றிவிடுவார்கள். பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எனக்கு இரண்டு எஞ்சின் அப்படிப் போயிருக்கிறது.

இப்போது மோவருக்கு வருவோம். 16 அங்குலமா 21 அங்குலமா என்பதைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். மெஷினோடு நிதானமாக நடந்தால் மணிக்கு 3 கிலோமீட்டர். திரும்புவது, வெட்டிய புல் சேரும் பையைக் கொட்டுவது, வரிக்கு வரி கொஞ்சம் ஏறி வெட்டுவது எல்லாம் போக, மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். அப்படியானால் 21 அங்குலத்தில் மணிக்கு ஏறக்குறைய 26 சென்ட், 16 அங்குலத்தில் 20 சென்ட். நம் பக்கத்து முன்தோட்டங்கள் பெரும்பாலும் 5 சென்ட், 10 சென்ட். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம்கூட வித்தியாசம் வராது. அகலத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் நான் அந்தப் பெரியதைத்தான் வாங்கச் சொல்வேன். விலை வித்தியாசம் அகலத்தில் இல்லை, உள்ளே இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்குச் செய்த மெஷின், வாரத்துக்கு அரை மணி நேரம் ஓடுவதற்காகச் செய்தது. நீங்கள் ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம் ஓட்டப் போகிறீர்கள். கடையில் நின்று நான்கு இடத்தைப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றச் சொல்லி உள்ளே பால் பேரிங் இருக்கிறதா, வெறும் பிளாஸ்டிக் புஷ்ஷா என்று பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் நம் செம்மண் தூசி மூன்று மாதத்தில் தின்றுவிடும். எஞ்சின் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் (உள் உறை) உண்டா என்று கேளுங்கள். வெட்டும் உயரத்தை மாற்றும் நெம்புகோலை நான்கு முறை ஏற்றி இறக்குங்கள். பிளேடை மேலிருந்து மூடியிருக்கும் டெக்கின் தகட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கக் கூடாது.

அப்புறம் ஐந்தாவதாக ஒன்று, என்னைக் கேட்டால் இதுதான் முதலாவது. கடைக்காரரிடம் "இந்த மெஷினுக்கு பிளேடு, ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு இப்போது கையில் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். சொல்லி அனுப்பினால் வந்துவிடும் என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். 2009-ல் நான் விலை மலிவு என்று ஒரு மெஷின் வாங்கினேன். ஐந்தாம் மாதம் கார்புரேட்டர் போனது. பாகம் வர 47 நாள் ஆனது. அது தை மாதம். அந்த 47 நாளில் வேறு ஆளிடம் போன மூன்று வீடுகள் இன்றுவரை என்னிடம் திரும்பவில்லை. மெஷின் 8,000 ரூபாய் மிச்சம் பண்ணிக் கொடுத்தது, மூன்று வீடுகளைக் கொண்டு போய்விட்டது.

சரி, கல் விஷயம். நம் மண் சரளை மண். 21 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கோலிக்குண்டு அளவு கல் அதில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 2014 மாசியில் பள்ளத்தூரில் ஒரு வீடு. பை நிரம்பி நிரம்பி நேரமாகிறது என்று எங்கள் பையன் பையைக் கழற்றிவிட்டு, பின் மூடியையும் கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டான். தெறித்த கல் முகப்பு ஜன்னலுக்கு மேலே இருந்த பழைய பச்சைக் கண்ணாடியில் பட்டது. வீட்டுக்கார ஆச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. சின்னப் பிள்ளையில் அந்தக் கண்ணாடி வழியாக விழும் பச்சை வெளிச்சத்தில் உட்கார்ந்து பல்லாங்குழி விளையாடியதைச் சொன்னார். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இரண்டு மாதம் தேடி ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பச்சை கிடைக்கவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் போனால் நான் மேலே பார்ப்பதில்லை.

அதனால் மூடியை எந்தக் காரணத்துக்கும் தூக்கிக் கட்டாதீர்கள். வெட்டுவதற்கு முன் ஒரு ஆள் வாளியோடு தரை முழுக்க நடந்து கல் பொறுக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்துத்தான் கூலி பேச வேண்டும். சுவரோரம் ஒரு முழ அகலத்துக்கு எந்த மெஷினும் வேண்டாம். பிரஷ் கட்டரின் நைலான் கயிறு பட்டால் பழைய சுண்ணாம்புப் பூச்சு அடியில் பொரிந்துவிடும். மரத்தடியில் பட்டால் பட்டையைச் சுற்றி உரித்துவிடும், மரமே பட்டுப்போகும். அங்கெல்லாம் கருக்கரிவாள்தான்.

உங்கள் பணத்தில் மோவருக்கு 78,000 போனால் மீதி 42,000. பிரஷ் கட்டர் போக நிற்பதில் முகத்துக்கு வலை மூடி, காதுக்கு மூடி, முழங்காலுக்குக் கீழே காப்பு, கனமான ஷூ, இரண்டு உபரி பிளேடு வாங்குங்கள். கையில் ஒரு 10,000 நிற்கட்டும். சக்கர வண்டி, பெயர்ப் பலகை எல்லாம் அடுத்த தைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு மாதம் சும்மா வைத்திருந்த மெஷின் கயிறு இழுத்தால் கிளம்பவே மாட்டேன் என்கிறது. வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது.
— வாசகர், கோட்டையூர்

பெட்ரோலை உள்ளேயே விட்டிருப்பீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெட்ரோலும் நாளாக நாளாகப் பிசினாகி, கார்புரேட்டரின் ஊசித் துவாரத்தை அடைத்துவிடும். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிளக்கைத் துடைத்துப் போடுங்கள். பெரும்பாலும் கிளம்பிவிடும். இனிமேல் பதினைந்து நாளைக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் எஞ்சின் ஆயில் அந்த ஏர் ஃபில்டருக்குள் இறங்கும். அதற்கும் முன்னால் பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். பிளேடில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும்.

எங்கள் விடுதியில் 30 சென்ட் கொரியன் புல். காலை ஏழு மணிக்கு மெஷின் போட்டால் தங்கியிருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பேட்டரி மெஷினுக்கு மாறலாமா?
— தோட்டப் பொறுப்பாளர், கானாடுகாத்தான்

உங்களுக்குப் பொருந்தும். ஒரே இடம், வாரா வாரம் வெட்டு, புல் எப்போதும் குட்டை, பக்கத்திலேயே கரண்ட். பேட்டரிக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. குடியிருப்புப் பகுதியில் பகல் நேரச் சத்தத்துக்கு 55 டெசிபல் என்று விதி இருக்கிறது. பெட்ரோல் மோவரை ஓட்டுபவர் காதுக்கு அது 90-ஐத் தொடும். பேட்டரியில் பிளேடின் இரைச்சல் மட்டும்தான்.

ஆனால் ஒரே பேட்டரியோடு வாங்காதீர்கள். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஓடும் என்று வைத்தால் 12-லிருந்து 18 சென்ட். உங்களுக்குக் குறைந்தது இரண்டு வேண்டும், மூன்று இருந்தால் நிம்மதி. சித்திரை வெயிலில் ஓடிச் சூடான பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள். நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள், ஆயுள் கூடும். நான்கு ஊர் சுற்றி வேலை எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இன்னும் பெட்ரோல்தான்.

நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். ஏழு மணிக்குப் பனி ஈரம் இருக்கும். ஈரப் புல் பிளேடுக்கு அடியில் அப்பிக்கொண்டு டெக்கை அடைக்கும், பேட்டரியையும் சீக்கிரம் தீர்க்கும். தங்கியிருப்பவர்கள் ஆத்தங்குடிக்குத் தரை ஓடு செய்வதைப் பார்க்கக் கிளம்பிய பிறகு வெட்டுங்கள், இல்லையென்றால் மாலை நாலரைக்கு. ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கொரியன் புல்லை ஒட்ட வெட்டினால் அடியில் இருக்கும் மஞ்சள் தண்டு தெரியும், பதினைந்து நாள் அப்படியே நிற்கும்.

அப்பச்சி காலத்துக் கைத்தள்ளு மெஷின் ஒன்று கொட்டகையில் கிடக்கிறது. உருளையில் சுருள் சுருளாக பிளேடு. எடைக்குப் போட மனசு வரவில்லை.
— வாசகி, புதுவயல்

போட்டுவிடாதீர்கள் அம்மா! புல் வெட்டும் மெஷின் பிறந்ததே அந்த உருவத்தில்தான். இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் 1830-ல் செய்தார். கம்பளித் துணியின் மேலே நிற்கும் நூல் பிசிறைச் சீவும் ஆலை மெஷினைப் பார்த்து, துணியைச் சீவுவது புல்லையும் சீவும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைய சுழல் பிளேடு புல்லை அடித்து அறுக்கிறது. உங்கள் உருளை, கத்தரிக்கோல் மாதிரி இரண்டு விளிம்புக்கு நடுவில் பிடித்து வெட்டுகிறது. நுனி கிழியாது, பழுக்காது.

மண்ணெண்ணெய் தடவித் துருவைத் தேய்த்து எடுங்கள். உருளைக்கும் அடி பிளேடுக்கும் நடுவில் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், விரலை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தாள் முழு அகலத்துக்கும் சுத்தமாக வெட்டுப்பட்டால் மெஷின் உயிரோடு இருக்கிறது. மடங்கினால் பக்கவாட்டுத் திருகை இறுக்கிப் பாருங்கள், அல்லது சாணைக்குக் கொடுங்கள். 3 சென்ட், 4 சென்ட் புல்தரைக்கு அது போதும். தொழிலுக்கு மட்டும் ஆகாது. ஒரு சரளைக்கல் சிக்கினால் அடி பிளேடில் பல் விழும், அதன் பிறகு ஒவ்வொரு வரியிலும் ஒரு கோடு வெட்டுப்படாமல் நிற்கும்.

ஏறி உட்கார்ந்து ஓட்டும் மெஷின் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியுமே?
— வாசகர், காரைக்குடி

பல்கலைக்கழக மைதானம் மாதிரி ஏக்கர் கணக்கில் நிரந்தர ஒப்பந்தம் கையில் இருந்தால் வாங்குங்கள். வீடுகளுக்கு வேண்டாம். நம் தெருவில் எத்தனை கேட்டில் அது நுழையும் என்று டேப் வைத்து அளந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

நாங்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள் ஐந்து பேர். இந்த வேலையை எடுக்கலாமா? பெண்கள் கையில் மெஷின் நிற்காது என்கிறார்கள்.
— வாசகி, பள்ளத்தூர்

என்னிடம் இருக்கும் ஏழு பேரில் ஐந்து பேர் பெண்கள். தாராளமாக எடுங்கள். தானே நகரும் மோவரைத் தள்ள பலம் வேண்டாம், லிவரை அழுத்தினால் அதுவே போகும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: கனமான மெஷினை லோடு ஆட்டோவில் ஏற்றி இறக்குவது, வாசல் படி தாண்டுவது. இரண்டு பலகையை எப்போதும் வண்டியில் வைத்திருங்கள், சரித்துப் போட்டு உருட்டி ஏற்றிவிடலாம். முகப்பு வழியாக மெஷினைக் கொண்டு போகவே வேண்டாம், பின் தெருவில் கொல்லைக் கதவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பிரஷ் கட்டர் வாங்கும்போது மட்டும் பட்டையை ஆணின் தோளுக்கு அளந்து மாட்டிக் காட்டுவார்கள். அதை அப்படியே வாங்கி வராதீர்கள். இரண்டு தோளிலும் மாட்டும் பட்டையாகக் கேளுங்கள். கடையிலேயே மாட்டிக்கொண்டு, கொக்கி இடுப்பெலும்புக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலத்தில் வரும்படி இறக்குங்கள். கையை விட்டுவிட்டு நின்று பாருங்கள். மெஷினின் தலை தரைக்கு மேல் நான்கு விரல் உயரத்தில் தானாக நிற்க வேண்டும். அப்படி நின்றால் இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் முதுகு வலிக்காது.