பலகையில் 60, திரையில் 28!
மின்வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

விழுப்புரம் வாசகர்: திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு கார் சார்ஜருக்கு '60 கிலோவாட்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். என் காரைப் போட்டால் திரையில் 28க்கு மேல் ஏறுவதில்லை. ஏமாற்று வேலையா?

பெரும்பாலும் இல்லை. ஒரே பெட்டியில் இரண்டு கன் (காரில் மாட்டும் சார்ஜிங் முனை) தொங்கினால், 60 என்பது பெட்டி முழுவதற்குமான அளவு. பக்கத்துக் கன்னில் இன்னொரு கார் நின்றால் ஆளுக்கு 30தான்.

தனியாக நின்றபோதும் 28 என்றால் காரைப் பாருங்கள். எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கேட்பது கார்தான். சார்ஜர் கேட்டதைக் கொடுக்கிறது, அவ்வளவே. சிறிய பேட்டரி கார்கள் பல 25–30 கிலோவாட்டுக்கு மேல் கேட்பதே இல்லை. அவற்றை 120 கிலோவாட் சார்ஜரில் மாட்டினாலும் இதே வேகம்தான். மே மாத மதியத்தில் விரட்டி ஓட்டிவிட்டு உடனே மாட்டினால், பேட்டரி சூட்டைப் பார்த்துக் கார் இன்னும் குறைத்துக் கேட்கும்.

30 யூனிட் பேட்டரியில் 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற 18 யூனிட் தேவை. 28 கிலோவாட்டில் சுமார் 40 நிமிடம். 80க்கு மேல் கார் குறைத்துக் கேட்பதால், மிச்சமுள்ள 6 யூனிட்டுக்கு ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கலாம். 80ல் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள்; பின்னால் காத்திருப்பவரும் வாழ்த்துவார்.

உளுந்தூர்பேட்டை வாசகர்: சாலையோரம் ஹோட்டல் வைத்திருக்கிறேன். 60 கிலோவாட்டில் இரண்டு சார்ஜர் போட எண்ணம். லைசென்ஸ் வேண்டுமா? என்னென்ன தேவை?

லைசென்ஸ் வேண்டாம். சார்ஜிங் என்பது மின்சார விற்பனை அல்ல, சேவை என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. நெடுஞ்சாலையில் இரு பக்கமும் 25 கி.மீ.க்கு ஒன்று என்ற அந்த ஆண்டின் வழிகாட்டுதலை 2024ல் 20 கி.மீ. ஆக்கினார்கள். ஆகவே உங்கள் இடத்துக்குத் தேவை உண்டு. சிக்கல் கம்பத்திலிருந்து வரும் மின்சாரத்தில்தான்.

60 கிலோவாட் சார்ஜர் வெளியே 60 கொடுக்க, உள்ளே சுமார் 63 இழுக்கும். மாற்றும்போது 5 சதவீதம் சூடாகப் போய்விடும். மும்முனையில் ஒவ்வொரு ஃபேஸிலும் 90 ஆம்பியர். அதற்கு 125 ஆம்பியர் எம்.சி.சி.பி. (மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கர்), 70 சதுர மி.மீ. அலுமினியக் கவசக் கேபிள் என்று கணக்கு வையுங்கள். தூரம் அதிகமானால் கேபிளும் தடிக்க வேண்டும். இரண்டு சார்ஜர் என்றால் 130 கே.வி.ஏ.க்குக் (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் சுமையின் அளவு) குறையாது. பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் 100 கே.வி.ஏ. என்றால் புதிதாக 200 வைக்க வேண்டிவரும். சார்ஜர் வாங்குவதற்கு முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் இதைக் கேளுங்கள். பலர் தலைகீழாகச் செய்து, பெட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ஹோட்டல் மீட்டரிலிருந்து இழுக்காதீர்கள். மின்வாகன சார்ஜிங்குக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது.

கார் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் நிலைக்கட்டணம் உண்டு. அதனால் எங்கள் யோசனை: இப்போது ஒரு 60, கூடவே மெதுவாக ஏற்றும் ஒரு 7.4 கிலோவாட் ஏ.சி. சார்ஜர். இரண்டாவது 60க்கான கேபிள் குழாயை மட்டும் தரை போடும்போதே புதைத்துவிடுங்கள். பெரியது படுத்துவிட்டாலும், வந்தவர் சாப்பிடுகிற ஒரு மணி நேரத்தில் கொஞ்ச தூரம் ஓடுமளவாவது ஏற்றிக்கொள்வார். செத்துக் கிடக்கும் ஒற்றைச் சார்ஜரிடம் வந்து ஏமாந்தவர் அப்புறம் உங்கள் தோசைக்கும் வரமாட்டார்.

அடிக்கடி வரும் கோளாறுகளில் முதலிடம் எர்த்துக்கு. கோடையில் குழி காய்ந்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் ஏறினால் சார்ஜர் வேலையைத் தொடங்கவே தொடங்காது. சார்ஜருக்கென்று தனி எர்த் குழிகள் வெட்டி, தண்ணீர் ஊற்றி வாருங்கள். அடுத்தது காற்று வடிகட்டி. லாரிப் புழுதியில் அது அடைத்துக்கொண்டால் உள்ளே சூடேறி, சார்ஜர் தானே வேகத்தைக் குறைத்துவிடும். 15 நாளுக்கு ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள். மூன்றாவது சிம் கார்டு: சிக்னல் போனால் ஆப் வழியாகத் தொடங்க முடியாது. இரண்டு சிம் போடக்கூடிய சார்ஜராக, அட்டை காட்டியும் தொடங்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

கார் நிற்கும் இடம் 3 மீட்டர் அகலமாவது இருக்கட்டும். சார்ஜிங் துளை ஒரு காரில் மூக்கில், இன்னொன்றில் பின்பக்க ஓரத்தில். முன்னோக்கியும் ரிவர்ஸிலும் வந்து நிற்க வழி வேண்டும். கன்னை மாட்டக் கொக்கி வையுங்கள். தரையில் கிடந்தால் சக்கரம் ஏறிவிடும்.

அரியலூர் வாசகர்: கார் சார்ஜரில் ஸ்கூட்டரைப் போடலாமா?

முடியாது. காருக்கான சி.சி.எஸ்.2 வகை விரைவு சார்ஜர்கள் பொதுவாக 200 வோல்ட்டில்தான் தொடங்கும். ஸ்கூட்டர் பேட்டரிகளில் பல 50 வோல்ட் அளவுதான். கன்னும் பொருந்தாது. கையில் இருக்கும் சார்ஜரை எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வேண்டாம். மணிக்கணக்கில் மின்சாரம் ஓடும்போது முதலில் உருகுவது அதுதான்.