124 கிரெய்ன் ஜாக்கெட் குண்டுக்கான மருந்தளவை அதே எடை ஈயக் குண்டுக்கும் போடலாமா?

9 மில்லிமீட்டர் தோட்டா ரீலோடு செய்கிறீர்கள், அதாவது சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் கட்டுகிறீர்கள். மருந்தளவுக் கையேட்டில் 124 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) ஜாக்கெட் குண்டுக்கு, அதாவது செம்பு உறை போட்ட ஈயக் குண்டுக்கு, வெடிமருந்தின் அளவு இருக்கிறது, கையில் இருப்பதோ அதே எடையில் ஈயக் குண்டு. எடை ஒன்றுதானே, அளவும் ஒன்றாக இருக்கக் கூடாதா என்பது உங்கள் கேள்வி.

கூடாது. நான் ஓஹாயோவில் பதினோரு வருடமாக என் சுடுதளப் பயிற்சிக்கு நானே தோட்டா கட்டுகிறேன். எடை ஒன்று என்று நம்பி நான் செய்த ஒரு தவறைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அது உங்கள் கேள்வியின் தலைகீழ் வடிவம்.

.38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு 158 கிரெய்ன் ஈயக் குண்டு, குறைந்த மருந்தளவு. உதைப்பு மென்மையாக இருக்கும், அட்டையில் நன்றாகக் கூடி விழும். ஒருநாள் ஈயக் குண்டு தீர்ந்துவிட்டது. அலமாரியில் 158 கிரெய்ன் ஜாக்கெட் குண்டு ஒரு பெட்டி இருந்தது. மருந்துத் தராசைத் தொடாமல் அதே அளவில் ஐம்பது கட்டினேன். சுடுதளத்தில் நாலாவது சுற்று வெடித்தபோது சத்தம் சப்பென்று இருந்தது, கையில் உதைப்பே இல்லை. அட்டையில் மூன்று ஓட்டைதான். நல்ல வேளையாக அடுத்த சுற்றைச் சுடவில்லை. சிலிண்டரைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, பேரலில் வெளிச்சம் காட்டிப் பார்த்தால், வாயிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே செம்பு மூக்கு தெரிகிறது. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் பேரல் வீங்கியிருக்கும், அல்லது கிழிந்திருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டி அந்தக் குண்டை அவரே வெளியே எடுத்தார். அப்புறம் கையேட்டை நீட்டி, "எந்த வரியைப் பார்த்து அளவு எடுத்தாய்?" என்று கேட்டார். நான் ஈய வரியைக் காட்டினேன். அவர் விரலை ஜாக்கெட் வரிக்கு நகர்த்தினார். நான் போட்டிருந்த அளவு, அங்கே தொடக்க அளவுக்கே (கையேடு தரும் மிகக் குறைந்த அளவு) கீழே இருந்தது.

ஏன் அப்படி? பேரலின் உட்புரிகள் குண்டின் உடம்பில் பதிந்துதான் அதைச் சுழற்றுகின்றன. ஈயம் மென்மையானது. எளிதில் பதிய விடும், உரசலும் குறைவு. வாயு அழுத்தத்தில் அடிப்பகுதி சற்று விரிந்து பேரலை அடைத்துக்கொள்ளும், வாயு ஓரமாகத் தப்பாது. அதனால் கொஞ்சம் மருந்திலேயே வேகம் கிடைக்கும். செம்பு ஜாக்கெட்டில் புரி பதிய அதிக விசை வேண்டும், உரசலும் அதிகம். ரிவால்வரில் சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வாயு வேறு கசியும். மருந்து குறைவாக இருந்தால் குண்டு பாதி வழியில் நின்றுவிடும்.

உங்கள் நிலைமையில் ஆபத்து எதிர்ப்பக்கம். ஜாக்கெட் குண்டுக்கான உச்ச அளவை ஈயத்துக்குப் போட்டால், கையேடு ஈயத்துக்குச் சோதித்துச் சொன்ன எல்லையைத் தாண்டக்கூடும். அதோடு, வார்த்த ஈயக் குண்டு வழக்கமாக 0.356 அங்குலம், ஜாக்கெட் 0.355. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று தள்ளிவிடாதீர்கள், இறுக்கமான பேரலில் அது தெரியும். மென்மையான ஈயத்தை வேகமாகத் தள்ளினால் பேரலில் ஈயம் ஒட்டும், குறி சிதறும். வார்த்த குண்டிலும் கடினம் ஒன்றல்ல. சுத்த ஈயம் பிரினெல் என்ற கடின அளவுகோலில் 5 அளவில் இருக்கும். 5 சதவீதம் தகரமும் 5 சதவீதம் ஆன்டிமனியும் கலந்தால் 15 அளவுக்குப் போகும்.

பிளேட்டட் குண்டு பலரை ஏமாற்றும். வெளியே பளபளவென்று செம்பு, ஆனால் மின்முலாம் பூசிய மெல்லிய தோல்தான் அது. உள்ளே மென் ஈயம். நான் அதற்கு ஈய வரியில் தொடங்கி, ஜாக்கெட் வரியின் நடுவோடு நிறுத்திக்கொள்வேன். கிரிம்ப்பை, அதாவது குண்டைப் பிடித்துக்கொள்ளும் கூட்டின் வாய் மடிப்பை, இறுக்கினால் தோல் வெட்டுப்படும். ஒரு குண்டைப் பிடுங்கி எடுத்து, கழுத்துப் பகுதியில் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பாலிமர் கோட்டிங் போட்டவற்றுக்கு ஈய அளவுதான்.

முழுச் செம்புக் குண்டில்தான் எடைக் கணக்கு மொத்தமாகக் கவிழும். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், செம்பு 8.96. 115 கிரெய்ன் என்பது 7.45 கிராம். ஈயத்தில் அது 0.66 கன சென்டிமீட்டர், செம்பில் 0.83. ஒரே விட்டத்தில் அந்த வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளமாக நிற்கும். ஜாக்கெட் குண்டோடு ஒப்பிட்டால் கொஞ்சம் குறையும், ஆனாலும் நீளம் நீளம்தான். 9 மில்லிமீட்டர் தோட்டாவின் மொத்த நீளம் 29.69 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மேகசினும் இடம் கொடுக்காது. ஆகவே குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கும். மருந்து எரியும் இடம் சுருங்கும். ஏற்கெனவே சின்னக் கூடு, அதனால் அழுத்தம் சட்டென்று ஏறும். அமெரிக்கத் தரம் இந்தத் தோட்டாவுக்கு வைத்திருக்கும் அழுத்த எல்லை 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்றானபின் நிறையப் பேர் செம்புக்கு மாறினார்கள். மாறுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்தக் குண்டைச் செய்தவர்கள் அதே குண்டுக்கென்று வெளியிட்ட அளவு கிடைக்காவிட்டால் கட்டாதீர்கள்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கையேட்டில் 124 அல்லது 125 கிரெய்ன் ஈய வரியைத் தேடுங்கள். மூக்கின் வடிவமும் பொருந்த வேண்டும், ஏனென்றால் வடிவம் மாறினால் இறங்கும் ஆழமும் மாறும். தொடக்க அளவில் பத்து கட்டுங்கள். அதற்கு முன், மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி) இல்லாத ஒரு மாதிரித் தோட்டாவை, கழற்றிய பேரலில் போட்டுப் பாருங்கள். டக்கென்று விழுந்து, விரலால் திருப்பினால் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானே வெளியே விழ வேண்டும். சுற்றாவிட்டால் மூக்கு புரியில் முட்டுகிறது. இன்னும் சற்று இறக்க வேண்டியிருக்கும். அப்படி இறக்கினால் கூட்டில் இடம் குறைகிறது என்பதை மறக்காமல் தொடக்க அளவிலேயே நில்லுங்கள். குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) இருந்தால் ஒவ்வொரு சுற்றின் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் துப்பாக்கி எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. பலகோண வடிவ உட்புரி உள்ள பேரல் என்றால், கோட்டிங் இல்லாத ஈயத்தை அதில் சுடவே வேண்டாம். கிளாக் நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது. மாடலையும், குண்டு வெறும் வார்ப்பா கோட்டிங் போட்டதா என்பதையும் கேள்வியில் சேருங்கள், பார்த்துவிட்டு மேலும் எழுதுகிறேன்.