ஓட்டு கூடியும் சதவீதம் குறைவது ஏன்?

ஆர்வம் குறைந்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். உங்கள் ஊரில் போன தேர்தலைவிட ஓட்டு அதிகமாக விழுந்தும் சதவீதம் இறங்கியிருக்கிறது என்றால், வாக்காளர் பட்டியல் அதைவிட வேகமாகப் பெருத்திருக்கிறது. 4,000 பேரில் 2,800 பேர் போட்டால் 70 சதவீதம். 4,600 பேரில் 2,990 பேர் போட்டால் 65தான், 190 ஓட்டு கூடுதலாக விழுந்தும்!

பல இடங்களில், இறந்தவர்கள், வேலைக்கோ கல்யாணமாகியோ வெளியூர் போனவர்கள் பெயரெல்லாம் நீக்கப்படாமல் கிடக்க, புதியவர்கள் மட்டும் சேர்ந்துகொண்டே போவார்கள். சின்ன ஊரில் நூறு பெயர் கிடந்தாலே கணக்கு மாறிவிடும்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஒரே ஒரு வாக்குச்சாவடியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருக்களை நன்றாக அறிந்த ஒருவரோடு உட்கார்ந்து, இரண்டு தேர்தல் பட்டியல்களையும் வீடு வீடாகப் பார்த்து, அந்தந்தத் தேர்தலின்போது ஊரில் இல்லாதவர்களைக் கழித்துவிட்டு மறுபடி சதவீதம் போடுங்கள். அப்புறமும் குறைந்தால், ஆட்கள் உண்மையிலேயே வரவில்லை. அது கவலைப்பட வேண்டிய விஷயம்.

ஒன்று மட்டும்: இடையில் சாவடி எல்லை மாறியிருந்தால் இந்த ஒப்பீடு செல்லாது, அதை முதலில் பார்த்துவிடுங்கள்.