கிளினிக் கொப்பியும் வயிற்றுக்குத்தும்: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டவை

முப்பது வருடம் வலிகாமத்து ஒழுங்கைகளில், முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும், கர்ப்பவதிகளின் வீடுகளுக்குப் போய்வந்தவள் நான். கொப்பியில் எழுதியிருக்கும் சொற்களைப் பற்றியும், பிள்ளைப்பேற்று நேரத்தில் உடம்பைத் தளர்த்துவது பற்றியும் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

மிஸ், இவர் கட்டாரில் இருந்து வந்து ஆறு கிழமைதான் ஆகிறது. கொப்பியில் எட்டுக் கிழமை என்று எழுதிவிட்டார்கள். மாமி கலண்டரை எடுத்து எண்ணிக்கொண்டு இருக்கிறா. எனக்கு அழுகையாக வருகிறது. (கொக்குவில்)

அழ வேண்டாம் பிள்ளை. கொப்பியும் சரி, நீங்களும் சரி. மாமி எண்ணத் தொடங்கிய இடம்தான் பிழை. கரு உண்டான நாள் யாருக்கும் திட்டமாகத் தெரியாது, மாதவிடாய் வந்த நாள் தெரியும். அதனால் கடைசி மாதவிடாயின் முதல் நாளில் இருந்து எண்ணுவதுதான் எங்கும் வழக்கம். 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்குக் கரு உண்டாவது அதற்கு ஏறக்குறைய இரண்டு கிழமை பிந்தி. கொப்பியில் எட்டு என்றால் கருவுக்கு ஆறு.

பிள்ளை பிறக்கும் திகதியும் இதே கணக்குத்தான்: முதல் நாளில் இருந்து 280 நாள், அதாவது 40 கிழமை. ஆனால் அந்தத் திகதியிலேயே பிறக்கிற பிள்ளைகள் நூற்றுக்கு நாலைந்துதான் இருக்கும். இதை மாமிக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். இந்த இரண்டு கிழமையால் குழம்பிய வீடுகள் நான் எத்தனையோ கண்டிருக்கிறேன்.

அன்ரி, போன வருடம் மூன்றாம் மாதத்தில் எனக்குக் கரு தங்காமல் போனது. இப்போது கொப்பியில் ‘ஜி 2 பி 0’ என்று போட்டு, பக்கத்தில் ‘அபோர்ஷன் 1’ என்றும் எழுதியிருக்கிறார்கள். நானே கலைத்தேன் என்று நினைக்க மாட்டார்களா? (சுன்னாகம்)

வைத்தியம் தெரிந்தவர்கள் அப்படி வாசிக்க மாட்டார்கள். மருத்துவ ஆங்கிலத்தில் தானாக அழிந்தாலும் அபோர்ஷன், செய்வித்தாலும் அபோர்ஷன். தமிழ் இந்த விஷயத்தில் இரக்கம் உள்ள பாஷை. தானாக நேர்வது கருச்சிதைவு, செய்விப்பது கருக்கலைப்பு. ‘ஜி’ என்பது எத்தனையாவது கர்ப்பம், ‘பி’ என்பது இதுவரை எத்தனை பேறு. அவ்வளவுதான்.

நம் ஊரிலேயே 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். பிரசவ வைத்தியமும் அப்போது தமிழில் அச்சாகி வந்தது. இன்று எங்கள் கொப்பிக்கு மட்டும் இங்கிலீஷ் எழுத்து.

இன்னொன்று. முதல் மூன்று மாதத்தில் கரு அழிவதற்குப் பெரும்பாலும் கருவின் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) இருந்த பிழையே காரணம். நீங்கள் தூக்கிய வாளியோ தின்ற அன்னாசியோ இல்லை.

30 கிழமை. ‘பிரீச்’ என்கிறார்கள். சிசேரியன்தானா? (கோப்பாய்)

பிள்ளை தலையை மேலேயும் பின்பக்கத்தைக் கீழேயும் வைத்திருக்கிறது, அதுதான் பிரீச். 30 கிழமையில் புரள இடம் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் 36 கிழமைக்குள் தானாகத் தலைகீழாகிவிடும். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் டொக்டரோடு கதைப்போம்.

மெய்க்குத்து எது, பொய்க்குத்து எது? நான் நெடுந்தீவு. நினைத்தவுடன் ஓடிவர முடியாது.

பொய்க்குத்தை 1872இல் எழுதிவைத்தவர் பிறாக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற இங்கிலாந்து வைத்தியர். டொக்டர்மார் இன்னும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதில் வயிறு கல்லுப் போல இறுகும், பிறகு விடும். ஒழுங்கு இராது. எழும்பி நடந்தால், தண்ணீர் குடித்தால், சரிந்து படுத்தால் அடங்கும். மெய்க்குத்து எதற்கும் அடங்காது. நாரியில் தொடங்கி முன்னுக்கு வரும், இடைவெளி குறையும், நோ கூடும். இரத்தம் கலந்த சளி படுவதும் ஓர் அடையாளம், ஆனால் அதற்குப் பிறகும் சிலருக்கு நாள் எடுக்கும்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருப்பவருக்கு ‘ஐந்து நிமிடத்துக்கு ஒரு குத்து, ஒரு மணித்தியாலமாக’ என்றால் புறப்படுங்கள் என்பேன். உங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். கடல் குழம்பினால் உங்கள் குமுதினிப் படகு ஓடாது. 37 கிழமை முடியும்போதே கிளினிக்கில் கேட்டுக்கொண்டு இந்தக் கரையில் ஓர் உறவினர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். பனிக்குடம் உடைந்தால், இரத்தம் போனால், பிள்ளை துடிப்பது குறைந்தால் குத்து வரும்வரை எவரும் காத்திருக்கக்கூடாது. இந்தக் கரையில் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பல்லுக் கழற்றப் போனாலே மயங்குகிறவள் நான். யோகா கீகா ஒன்றும் தெரியாது. எப்படித் தாங்குவேன்? (நல்லூர்)

இப்போது கையை இறுக்கிப் பொத்திப் பாருங்கள். தோளும் தாடையும் கூட இறுகுகிறது அல்லவா? பயந்தால் இறுகும், இறுகினால் நோ கூடும், நோ கூடினால் இன்னும் பயம். பிரித்தானிய வைத்தியர் கிறான்ட்லி டிக்-றீட் 1930களில் இந்தச் சுற்றைத்தான் எடுத்துச் சொன்னார். இதை உடைக்க யோகா வேண்டாம், பழக்கம் வேண்டும்.

இரவு படுக்கும்போது இடப்பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். கால் விரலை ஐந்து எண்ணும்வரை இறுக்கி, விடுங்கள். பிறகு கெண்டைக்கால், தொடை, கை, தோள், கடைசியாக முகம். இறுக்குவது முக்கியமில்லை, விடும்போது எப்படி இருக்கிறது என்று உடம்பு படிப்பதுதான் முக்கியம். மூச்சு: மூக்கால் நாலு எண்ணி எடுத்து, சுடு தேத்தண்ணியை ஊதுகிற மாதிரி வாயால் ஆறு எண்ணி விடுங்கள். விரல் நுனி விறுவிறுத்தால் வேகமாக மூச்சு விடுகிறீர்கள், மெதுவாக்குங்கள்.

என்னிடம் பழகிய ஒரு பிள்ளை குத்து வரும்போதெல்லாம் மனதில் நல்லூர் வீதியைச் சுற்றினாள். ஒரு குத்துக்கு ஒரு வீதி. கோயில் வாசலில் தொடங்கி, தெற்கு வீதி மணலில் வெறுங்காலோடு நடந்து, மேற்கு, வடக்கு. “எத்தனை சுற்று?” என்று பிறகு கேட்டேன். “பதினொன்றுக்குப் பிறகு எண்ணவில்லை மிஸ்” என்றாள்.

நோ போய்விடும் என்று நான் சொல்லவில்லை. தாங்க முடியும். முடியாவிட்டால் பெத்திடின் ஊசியோ வேறு மருந்தோ கேளுங்கள், அதில் வெட்கமில்லை.

அக்கா, நான் கணவர். நான் என்ன செய்யலாம்? (சாவகச்சேரி)

கேட்டதற்கே சந்தோஷம் தம்பி. விரும்பிய ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. யாரை உள்ளே விடுவார்கள் என்று முன்கூட்டியே வோர்ட்டில் கேளுங்கள். விட்டால், குத்து வரும்போது நாரிக்குக் கீழே உள்ள எலும்பில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள், தடவ வேண்டாம். மல்லாக்கப் படுக்க விடாதீர்கள். “பொறு, பொறு” என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஆமணக்கெண்ணெய் குடித்தால் கெதியாகப் பிறக்குமா?

கெதியாக வயிற்றால் போகும். வேண்டாம்.

கத்தினால் ஏசுவார்களா மிஸ்? (மானிப்பாய்)

சில இடத்தில் ஏசுவார்கள், பொய் சொல்ல மாட்டேன். கத்தலாம், ஆனால் கீச்சென்று கத்தினால் தொண்டையும் தாடையும் இறுகும். மாடு கத்துகிற மாதிரி அடிவயிற்றில் இருந்து ‘ம்ம்’ என்று விட்டால் உடம்பும் இளகும். இதையெல்லாம் ஊருக்குப் படிப்பித்த நானே என் மூத்தவனுக்குக் கீச்சென்றுதான் கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு சின்னப் பெட்டை, போன மாதம் என் கிளினிக்குக்கு வந்தவள், “மிஸ், தேத்தண்ணி ஊதுங்கோ” என்று சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.